நீதிபதி எழுந்து நின்ற நாள்

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு ஆற அமர வாசியுங்கள்.

லெந்து நாட்கள் தொடங்கியதிலிருந்து நம் குடும்பக் குழுவில் தினமும் விடியற்காலையில் மன்னிப்பைப் பற்றி ஒரு படம் வந்துவிடுகிறது. புறா, ரோஜாப்பூ, பின்னால் சூரிய உதயம். அனுப்புகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். காலமெல்லாம் சரித்திரம் நடத்தியவளுக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் வேறு யோசனை வருகிறது. மன்னிக்கச் சொல்கிறார்கள், சரி. தப்புச் செய்தவர் என்ன செய்தார்? அவர் பறித்துக்கொண்டது உரியவர் வீட்டுக்குத் திரும்பிப் போனதா?

'மீட்பு' என்ற சொல்லை நாம் கோயிலிலும் சொல்கிறோம், அடகுக் கடையிலும் சொல்கிறோம். நகையை மீட்க வேண்டுமென்றால் அசலும் வட்டியும் எண்ணி வைக்க வேண்டும். அழுதுகொண்டு நின்றால் கடைக்காரர் சங்கிலியை எடுத்துக் கொடுக்க மாட்டார். மீட்பின் விலையைக் கிறிஸ்து கொடுத்துத் தீர்த்துவிட்டார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அஸ்திவாரம். அதைப் பற்றி எனக்குத் தர்க்கம் இல்லை. ஆனால் சகேயு மரத்திலிருந்து இறங்கியபின் என்ன செய்தான் என்று லூக்கா 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய் உரியவனுக்கு. அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது அதற்கு அடுத்த வசனத்தில்தான். அதற்கும் முன்னால், எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில், பாவத்தை அறிக்கையிடுகிறவன் அசலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

தனி மனிதன் தப்புச் செய்தால் இது எளிதாகப் புரியும். ஒரு நீதிமன்றமே தப்புச் செய்தால்? கடவுள் பெயரைச் சொல்லி, வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிரபராதிகளைத் தூக்கில் போட்டால்? அதற்கு யார் மனந்திரும்புவது, எப்படி ஈடு கட்டுவது? இதற்குச் சரித்திரத்தில் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் உதாரணம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகள். ஊர் பெயர் சாலேம். நம் சேலம் இல்லை. சங்கீதத்தில் வரும் சாலேம். சமாதானம் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் பாவம்.

அன்றைக்கு அது ஆங்கிலேயர் குடியேற்றம். பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் தேசம். 1692 தொடக்கத்தில் சாலேம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு வலிப்பு மாதிரி ஏதோ வந்தது. ஒருத்திக்கு 9 வயது, இன்னொருத்திக்கு 11. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பிப்ரவரி 29 அன்று மூன்று பெண்கள் பேரில் பிடிவாரண்டு. ஒருத்தி பாரிஸ் வீட்டு அடிமைப் பெண் டிட்டுபா. ஒருத்தி பிச்சை கேட்டு வாழ்ந்த சாரா குட். மூன்றாமவள் நோயில் கிடந்த சாரா ஆஸ்போர்ன். யாருக்குக் கேட்க ஆள் இல்லையோ அவர்களிடமிருந்து ஆரம்பித்தார்கள். பிறகு அது எல்லோரையும் பிடித்தது. 150 பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். சாரா குட்டின் மகள் டாரத்திக்கு வயது நாலோ ஐந்தோ. அந்தக் குழந்தையையும் விலங்கு மாட்டி மாதக்கணக்கில் சிறையில் வைத்திருந்தார்கள்.

மே மாதம் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் இதற்கென்று தனி நீதிமன்றம் அமைத்தார். தலைவர் வில்லியம் ஸ்டோட்டன். கூட உட்கார்ந்த நீதிபதிகளில் ஒருவர் பாஸ்டன் வியாபாரி சாமுவேல் சூவல், வயது 40. (எத்தனை சாமுவேல் என்று கேட்காதீர்கள், இன்னும் சிலர் வரப் போகிறார்கள்.) சூவல் ஹார்வர்டில் படித்தவர், பக்திமான், நல்ல குடும்பஸ்தர், தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவர். வில்லன் முகம் அவருக்கு இல்லை. வரலாற்றில் இந்த மாதிரி ஆட்களைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன், ஞாபகம் இருக்கும்.

அந்த நீதிமன்றம் எதை ஆதாரமாக எடுத்தது தெரியுமா? இன்னாருடைய உருவம் ஆவியாக வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒரு பெண் சாட்சி சொன்னால் போதும். அந்த இன்னார் அந்நேரம் தன் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆவி உருவத்துக்கு எதிராக யார் குறுக்கு விசாரணை செய்வது?

இதைவிடக் கொடுமையான ஒரு விஷயம் உண்டு. நான் சொல்ல வந்ததற்கும் அதுதான் மூலம். "ஆமாம், நான் சூனியக்காரி, பிசாசோடு ஒப்பந்தம் போட்டேன்" என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர் யாரும் தூக்கிலேறவில்லை. இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் செத்தார்கள். சாமுவேல் வார்ட்வெல் என்பவர் முதலில் ஒப்புக்கொண்டார், பிறகு அது பொய் என்று சொன்னார், தூக்கில் போட்டார்கள். அதாவது, மனந்திரும்புதல் என்ற பரிசுத்தமான காரியத்தை அந்த நீதிமன்றம் பொய் சொல்லி உயிர் தப்பும் வழியாக மாற்றிவிட்டது. உண்மை பேசினால் கயிறு. அழுது பொய் சொன்னால் உயிர்.

ரெபேக்கா நர்ஸ் என்றொரு பாட்டி. நர்ஸ் என்பது குடும்பப் பெயர். வயது 71, காது மந்தம், சபையில் எல்லோரும் மதித்த மனுஷி. அவருக்காக 39 பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். ஜூரிகளும் முதலில் நிரபராதி என்றே சொன்னார்கள். உடனே நீதிமன்றத்தில் கூச்சல். சக கைதி ஒருத்தியைப் பற்றி அந்தப் பாட்டி சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று தலைமை நீதிபதி ஸ்டோட்டன் ஜூரிகளிடம் கேட்டார். அந்த வார்த்தைக்கு விளக்கம் கேட்டபோது பாட்டிக்குக் காதில் விழவில்லை, பதில் இல்லை. தீர்ப்பு மாறியது. சபை அவரை விலக்கி வைத்தது. ஜூலை 19 அன்று தூக்கில் போட்டார்கள்.

ஆகஸ்ட் 19 அன்று ஐந்து பேர். அதில் ஜார்ஜ் பரோஸ் என்ற போதகர் இருந்தார். ஹார்வர்டில் சூவலுக்கு ஒரு வருடம் முந்தியவர். தூக்குமேடையில் நின்று பரமண்டல ஜெபத்தைப் பிழையில்லாமல் சொல்லி முடித்தார். சூனியக்காரரால் அது முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. கூட்டம் அசைந்துவிட்டது. குதிரைமேல் இருந்த பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் பேசி அடக்கினார். (இதே மேதர் பிற்காலத்தில் நம் தரங்கம்பாடி சீகன்பால்குக்குக் கடிதம் எழுதியவர். உலகம் சின்னது.)

அந்த பரோஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற இளம்பெண்ணும் ஒருத்தி. அவள் மேலேயும் சூனியக் குற்றச்சாட்டு. மிரட்டலுக்குப் பயந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பரோஸையும், சொந்தத் தாத்தாவையும் காட்டிக்கொடுத்தாள். பிறகு மனசாட்சி தாங்கவில்லை. சொன்னதெல்லாம் பொய் என்று அறிவித்தாள். ஒப்புக்கொண்டபடியே இருந்திருந்தால் உயிருக்குப் பயமில்லை. பின்வாங்கினால் தூக்கு. தெரிந்தே பின்வாங்கினாள். தூக்குக்கு முந்தின நாள் பரோஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்து, அவளோடு சேர்ந்து அவளுக்காக ஜெபமும் செய்தார். மறுநாள் அவரும் அவளுடைய தாத்தாவும் ஒரே மேடையில் இறந்தார்கள். மார்கரெட் உடல் நலமில்லாமல் இருந்ததால் விசாரணை தள்ளிப்போய், அதனால் பிழைத்தாள். இந்த வழக்குகள் முழுவதிலும் மனந்திரும்புதல் என்றால் என்ன என்று கேட்டால் நான் முதலில் இந்தப் பெண்ணைத்தான் காட்டுவேன். பெரிய மனிதர்கள் அதைச் செய்ய இன்னும் வருடங்கள் ஆயின.

செப்டம்பர் முடிவதற்குள் 19 பேரைத் தூக்கில் போட்டாயிற்று. ஜைல்ஸ் கோரி என்ற கிழவர், குற்றத்துக்குப் பதில் சொல்ல மறுத்ததால், மார்பில் கல் ஏற்றி நசுக்கப்பட்டார். சிறையிலேயே செத்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். ஆளுநரின் மனைவி பேரிலேயே புகார் வந்துவிட்டது என்றால் பாருங்கள். ஆவி சாட்சியம் செல்லாது என்றதும் மிச்ச வழக்குகள் சீட்டுக்கட்டு வீடு மாதிரி விழுந்தன. ஆனால் விடுதலையானவர்களும் உடனே வீட்டுக்குப் போக முடியவில்லை. சிறையில் இருந்த நாட்களுக்குச் சாப்பாட்டுச் செலவும் சிறைக் கட்டணமும் அவர்களே கட்ட வேண்டும்! மார்கரெட்டும் அதற்காகக் காத்துக் கிடந்தாள். டிட்டுபாவுக்குக் கட்ட பாரிஸ் மறுத்துவிட்டார். கட்டணத்தைக் கட்டியவர் அவளை விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் நாலு வருடம் ஊர் வாயை மூடிக்கொண்டது.

1696 சூவல் வீட்டுக்குக் கெட்ட வருடம். மே மாதம் ஒரு ஆண் குழந்தை செத்தே பிறந்தது. டிசம்பர் 23 அன்று இரண்டு வயது மகள் சாரா இறந்தாள். மறுநாள், அடக்கத்துக்கு முன்பு, மூத்த மகன் சாம் அப்பாவுக்கு மத்தேயு 12-ஆம் அதிகாரத்தை லத்தீனில் வாசித்துக் காட்டினான். ஏழாம் வசனம் வந்தது. பலியை அல்ல, இரக்கத்தையே கடவுள் கேட்கிறார் என்பது புரிந்திருந்தால் குற்றமில்லாதவர்களை நீங்கள் ஆக்கினைக்கு உள்ளாக்கியிருக்க மாட்டீர்கள் என்பது அதன் பொருள். சாலேமில் நடந்த துயரத்தை அந்த வசனம் பயங்கரமாக நினைவுக்குக் கொண்டுவந்தது என்று சூவல் அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். வீட்டுக்குள் குழந்தையின் சவப்பெட்டி. மகன் வாயிலிருந்து அந்த வசனம்.

1697 ஜனவரி 14-ஐ மாகாணம் முழுவதற்கும் உபவாச நாளாக அரசாங்கம் அறிவித்திருந்தது. அன்று பாஸ்டன் தெற்கு ஆலயத்தில் சூவல் தம் போதகர் சாமுவேல் வில்லர்ட் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். போதகர் சபைக்கு முன் அதை வாசித்தார். வாசித்து முடியும்வரை நீதிபதி தம் இடத்தில் எழுந்து நின்றார். முடிந்ததும் தலை குனிந்தார். சாலேம் நீதிமன்றத்தால் வந்த குற்றத்தில் தமக்குப் பங்கு உண்டு. அதன் பழியையும் வெட்கத்தையும் தாமே ஏற்றுக்கொள்கிறார். மனிதர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். கடவுள் அந்தப் பாவத்தை மன்னிக்கவும், அதைத் தேசத்தின்மேல் சுமத்தாதிருக்கவும் எல்லோரும் ஜெபிக்க வேண்டும். இதுதான் சாரம். அந்தக் காலச் சட்டப்படிதான் செய்தேன், சாட்சிகள் ஏமாற்றிவிட்டார்கள், மற்றவர்களும்தானே உட்கார்ந்திருந்தார்கள் என்று எதுவும் இல்லை. அந்த நீதிபதிகளில் இப்படிப் பகிரங்கமாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு வருகிறது. கூடவே இரண்டு குறையும் தோன்றுகிறது. அந்தத் தாளில் செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அதோடு, அவர் பதவியையும் விடவில்லை. உயர் நீதிமன்றத்தில் தொடர்ந்து, 1718-இல் தலைமை நீதிபதியாகவும் ஆனார். வெட்கத்தை எடுத்துக்கொண்டார், நஷ்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அந்த விதத்தில், அதே 1697-இல் கையெழுத்துப் போட்ட 12 ஜூரிகள் ஒரு படி மேலே போனார்கள். நிரபராதிகளின் இரத்தப்பழி எங்கள்மேல் வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறோம் என்று எழுதி, உயிரோடிருக்கும் பாதிக்கப்பட்டவர்களிடமே மன்னிப்புக் கேட்டார்கள். முதல் கையெழுத்து தாமஸ் ஃபிஸ்க். ரெபேக்கா நர்ஸ் வழக்கில் தீர்ப்பை மாற்றிச் சொன்ன ஜூரித் தலைவர்.

1706 ஆகஸ்ட் 25 அன்று ஆன் புட்னம் எழுந்து நின்றாள். 1692-இல் அவளுக்கு 12 வயது. அவள் விரல் நீட்டியவர்கள் ஏராளம். இப்போது சாலேம் கிராமச் சபையில் சேர வேண்டுமென்று வந்திருந்தாள். புதுப் போதகர் அவளுடைய அறிக்கையை வாசித்தார். ரெபேக்கா நர்ஸ் பெயரையும் அவருடைய இரண்டு சகோதரிகளையும் தனியாகச் சொல்லி வருந்தினாள். பிசாசின் வஞ்சனை என்று ஒரு சாக்கு அதில் இருந்தது, உண்மைதான். ஆனாலும் அந்தக் குடும்பத்தார் உட்கார்ந்திருக்கும் சபையில் அந்தப் பெயரைச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. சபை அவளை ஏற்றுக்கொண்டது. குற்றம் சாட்டிய பெண்களில் இப்படி நின்றவள் அவள் மட்டுமே. 1712-இல் சாலேம் சபை ரெபேக்கா நர்ஸை விலக்கி வைத்த தீர்மானத்தையும் ரத்து செய்தது. இறந்து இருபது வருடம் ஆன பாட்டியை மறுபடியும் சபைக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

ஈடு? அது 1711-இல் வந்தது. அக்டோபரில் சட்டமன்றம் பலருடைய தண்டனையைச் சட்டப்படி ரத்து செய்தது. டிசம்பரில் 578 பவுண்டு 12 ஷில்லிங் பிரித்துக் கொடுக்க உத்தரவானது. குடும்பங்கள் மனு மேல் மனு போட்டு வாங்கியது அது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலைப் பார்த்தால் மனசு ஆறாது. ஜான் பிராக்டர் குடும்பத்துக்கு 150 பவுண்டு, ரெபேக்கா நர்ஸ் குடும்பத்துக்கு 25. சாரா குட்டின் கணவர் வில்லியமுக்கு 30. மனைவி தூக்கில், கைக்குழந்தை சிறையில் செத்தது, டாரத்தி வெளியே வந்தாள், ஆனால் புத்தி தெளியவே இல்லை என்று மனுவில் எழுதியிருக்கிறார். 30 பவுண்டு. இத்தனைக்கும் விசாரணையின்போது மனைவிக்கு எதிராகப் பேசியவர் இதே வில்லியம். பணத்தை வாங்கும்போது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

சூவலின் கதைக்கு வருகிறேன். உபவாச நாளோடு அவர் நிற்கவில்லை. 1700 ஜூன் 24 அன்று மூன்று பக்கத்தில் ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டார். யோசேப்பைச் சகோதரர்கள் 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்களே, அந்தக் கதையைத் தலைப்பாக வைத்து, மனிதரை வாங்குவதும் விற்பதும் பாவம் என்று வாதித்தார். எல்லோரும் ஆதாமின் பிள்ளைகள், சுதந்தரத்தில் எல்லோருக்கும் சம உரிமை என்பது வாதம். நியூ இங்கிலாந்தில் அடிமைத்தனத்துக்கு எதிராக அச்சான முதல் பிரசுரம் அது. டிட்டுபாவைச் சிறைக் கட்டணத்துக்கு விற்ற அதே மாகாணத்தில்! ஜான் சாஃபின் என்ற நீதிபதி அடுத்த வருடமே மறுப்பு எழுதினார். அவர் ஆதாம் என்ற தம் அடிமைக்கு விடுதலை தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, நாள் வந்ததும் முடியாது என்றவர். ஆதாம் வழக்காடி 1703-இல் விடுதலை வாங்கினார். சூவலைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம்: கறுப்பர்கள் வெள்ளையரோடு ஒன்றாகக் கலந்து வாழ முடியாது என்று அதே பிரசுரத்தில் எழுதியிருக்கிறார். அவர் கண் பாதி திறந்தது. ஆனால் 1692-இல் கேட்க ஆள் இல்லாதவர்களைத் தண்டித்த நாற்காலியில் இருந்தவர், எட்டு வருடத்தில் கேட்க ஆள் இல்லாதவர்களுக்காக, சக பணக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு பேசினார். மனந்திரும்புதலுக்கு நடக்கத் தெரியும் என்பதற்கு எனக்கு அது போதும்.

ஸ்டோட்டன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கடைசிவரை ஒரு வார்த்தை வருந்தவில்லை. 1701-இல் கௌரவமாக இறந்தார். அவர் பெயரில் ஒரு ஊரே இருக்கிறது.

1711 பட்டியலில் விடுபட்டவர்கள் உண்டு. மனுப் போட ஆள் இல்லாத குடும்பங்கள். 1957-இல் ஒரு தீர்மானம், 2001-இல் ஐந்து பெண்களின் பெயரைச் சேர்த்து ஒரு சட்டம். அதற்குப் பிறகும் ஒருத்தி மிச்சம்: எலிசபெத் ஜான்சன். 22 வயதில் தண்டிக்கப்பட்டு, தூக்கிலிருந்து தப்பியவள். 1712-இல் தன் பெயரையும் சேர்க்கும்படி அவளே கேட்டாள், நடக்கவில்லை. பிள்ளைகள் இல்லாததால் அவளுக்காகக் கேட்க வம்சமும் இல்லை. நார்த் ஆண்டோவர் என்ற ஊரில் ஒரு டீச்சர் இதைத் தம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் ஆவணங்களைத் தேடினார்கள், சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார்கள், சட்டத்தின் நடைமுறை என்னவென்று படித்தார்கள். 2022-இல் அவள் பெயரிலிருந்த குற்றம் நீக்கப்பட்டது. தீர்ப்பு வந்து 329 வருடம். எட்டாம் வகுப்பு! நம் பிள்ளைகள் அந்த வயதில் வரைபடத்தில் கங்கையைக் குறிக்கவே அழுவார்கள். (யாரைச் சொல்கிறேன் என்று சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும்.)

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் சட்டமன்ற மண்டபத்தில், 1942-இல் ஆல்பர்ட் ஹெர்ட்டர் தீட்டிய சுவரோவியம் ஒன்று இருக்கிறது. சூவல் சபையில் தலை குனிந்து நிற்கும் காட்சி. சட்டம் செய்கிறவர்கள் உட்காரும் இடத்திலேயே அதை வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கம் வேலையில் இருப்பதாகக் கேள்வி. யாராவது போனால் எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஓவியம் முழுவதும் தெரியும்படி எடுங்கள். உங்கள் முகம் ஓரமாக இருந்தால் போதும்.